அன்பும் ஓய்வும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



திருவிழாக் காலத்தில் உறவினர் வந்து வீடு நிறைகின்றது, மகிழ்கின்றோம். ஆயினும் மூன்றாம் நாள், பேச மனமின்றி வாவிக்கரையில் தனியே போயிருக்கும் இளைஞரும் நம்மிடையே உளர். "இவனுக்குப் பெருமை பிடித்துவிட்டது" என வீட்டார் வருந்துவர். அது பெருமையுமன்று, அன்புக் குறைவுமன்று, களைப்பேயாகும்.

மகாத்மா காந்தியைப்போல் மக்களோடு கலந்து வாழ்ந்தவர் யார்? அவரே திங்கட்கிழமைதோறும் மௌனம் காத்தார். முதலில் அது ஓய்வை நாடிக் கொண்ட வழக்கம். பின்னரே ஆன்மிகப் பயிற்சியாயிற்று. 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. இந்தியப் பிரிவினை பற்றி மவுண்ட்பேட்டன் பிரபுவைச் சந்தித்தபோதும், பழைய கடித உறைகளின் பின்புறத்தில் எழுதியே விடையளித்தார். ஆயினும், நோயாளரைக் கவனிக்க நேர்ந்தால் மௌனத்தைக் கலைக்கலாமென விலக்கு வைத்திருந்தார்.

பெரியோர்களே! களைத்த பிள்ளையைச் சற்றுத் தனியே இருக்க விடுங்கள். இளைஞர்களே! "களைத்திருக்கின்றேன், சற்றிருந்து வருகின்றேன்" என்று சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். துன்புறுவோர் அழைத்தாலோ, ஓய்வையும் விட்டு எழுந்து வாருங்கள்.