நிறுவல் எங்கே தொடங்குகிறது?



மாதுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ, உங்கள் வீட்டுப் பிள்ளை எம்மொழியில் பயின்றாலும், திரிகோணமிதியில் இடறும் இடம் ஒன்றே. ‘இரு பக்கமும் சமம் என நிறுவுக’ என்றால், சமம் என்றே முதலில் கொண்டு, இரு புறமும் வர்க்கித்து, ‘ஒன்று ஒன்றுக்குச் சமம்’ என முடித்துவிடுவர். இது நிறுவலாகாது. ஒன்றும் குறை ஒன்றும் சமமல்ல. வர்க்கித்தாலோ இரண்டும் ஒன்றே. பொய்யிலிருந்தும் மெய் வரக்கூடும்.

ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்க. ஒன்றுடன் சைனைக் கூட்டிக் கொசைனால் வகுத்தது இடப்பக்கம். கொசைனை, ‘ஒன்று கழித்தல் சைன்’ என்பதால் வகுத்தது வலப்பக்கம். இடப்பக்கத்தின் மேலும் கீழும் ‘ஒன்று கழித்தல் சைன்’ என்பதால் பெருக்குக. மேலே கொசைனின் வர்க்கம் நிற்கும். கீழுள்ள கொசைனுடன் ஒன்று அடிபட, வலப்பக்கம் தோன்றும். கொசைன் பூச்சியமாகும் கோணங்கள் மட்டும் விலக்கு.

கும்பகோணத்தில் இளமையிலேயே லோனியின் திரிகோணமிதி நூலைக் கற்றுத் தேர்ந்தவர் இராமானுஜன். அவருடைய குறிப்பேடுகளை 1957இல் இரு தொகுதிகளாக வெளியிட்டது இந்நகரத்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமே. அவற்றில் முடிவுகள் மிகுதி, நிறுவல்கள் அரிது. புரூஸ் பெர்ண்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் அவற்றை ஆராய்ந்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார். மிகப் பெரும்பாலானவை மெய்யாயின. சில பிழையெனத் தெரிந்தன.

மேதையின் சொல்லுக்கும் சான்று கேட்பது கணிதம். இன்றிரவு பிள்ளையின் ஏட்டை விரித்து, ‘முதல் வரி எங்கிருந்து வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள்.