தோசையின் பழைய விலை

தெருமுனை ஓட்டலில் மசால் தோசை விலை 20 சதவீதம் ஏறிவிட்டது. இப்போது 60 ரூபாய். அப்படியானால் பழைய விலை என்ன?

60-இல் 20 சதவீதம் 12. கழித்தால் 48 ரூபாய். சட்டென்று இப்படித்தான் சொல்லத் தோன்றும். நானும் சொல்லி மாட்டிக்கொண்டவன்தான். தப்பு. 48-இல் 20 சதவீதம் 10 ரூபாய்கூட வராது. கூட்டிப் பாருங்கள், 60-ஐத் தொடாது.

விலை ஏறியது பழைய விலையின் மேல். புது விலையின் மேல் அல்ல. இடறுவது இங்கேதான்.

தெரியாத பழைய விலைக்கு எக்ஸ் என்று பெயர் வையுங்கள். எக்ஸ் என்றாலே பயமா? ‘தோசை’ என்றே வையுங்கள், கணக்கு கோபித்துக்கொள்ளாது. 20 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. தோசையை ஐந்து துண்டாக்குங்கள். அதே அளவில் இன்னொரு துண்டு சேர்ந்திருக்கிறது. ஆக ஆறு துண்டு, 60 ரூபாய். ஒரு துண்டு 10 ரூபாய். பழைய விலை ஐந்து துண்டு. அதாவது 50 ரூபாய்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேளுங்கள். பஸ் டிக்கெட் 25 சதவீதம் ஏறி 25 ரூபாய் ஆனது. முன்பு எவ்வளவு? பதினெட்டே முக்கால் என்று பதில் வந்தால், மறுபடி தோசையிலிருந்து தொடங்குங்கள்.