பச்சிளங்குழந்தையின் வயிறு: பிறவிக் குடற்குறையும் உடற்பரிசோதனையும்



1886ஆம் ஆண்டு பெர்லின் நகரில் கூடிய மருத்துவர் அவையில், கோபன்ஹேகனைச் சேர்ந்த ஹரால்டு ஹிர்ஷ்ஸ்பிரங் என்னும் குழந்தை மருத்துவர், மலம் கழியாமல் வயிறு வீங்கி இறந்த இரு குழந்தைகளின் வரலாற்றை எடுத்துரைத்தார். அந்நோய் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பருத்து விரிந்த பெருங்குடலே நோயுற்றது எனப் பல்லாண்டுகள் எண்ணியிருந்தனர். உண்மை அதற்கு நேர்மாறு. பருத்தது நல்ல குடல். அதற்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் பகுதியில்தான், குடலை இயக்கும் நரம்பணுக்கள் கருவிலேயே அமையாமற் போயின. ஏறத்தாழ 5000 பிறப்புகளில் ஒன்றில் இக்குறை காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் மிகுதி.

தேவாரம், போடிநாயக்கனூர்ப் பக்கத்து இல்லங்களில், பிள்ளைக்கு மலம் இறங்காவிடில் வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பதுண்டு. சிறிது மலமும் காற்றும் வெளிவரும், வயிறு தளரும். மலச்சிக்கல் தீர்ந்ததென்று எண்ணித் தாய் மீண்டும் ஏலத்தோட்டத்து ஜீப்பில் ஏறிவிடுவாள். நோயோ அப்படியே இருக்கும். பாட்டிமாரைக் குறைகூறிப் பயனில்லை. காம்பு வைத்தால்தான் மலம் வருகிறது என்னும் அவர்கள் சொல்லே மருத்துவருக்குச் சிறந்த துப்பு.

மருத்துவர் முதலில் வினவுவது, கரும்பச்சை நிறத்து முதல் மலம் எப்போது கழிந்தது என்பதே. நிறைமாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு 24 மணி நேரத்திற்குள்ளும், ஏனையோருள் ஏறக்குறைய அனைவர்க்கும் 48 மணி நேரத்திற்குள்ளும் அது கழிந்துவிடும். பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது.

பின்னர்க் கண்ணால் காணல். வயிறு உப்பியுள்ளதா, தோலின்கீழ்க் குடல் வளையங்கள் புலப்படுகின்றனவா, ஆசனவாய் உரிய இடத்தில் உள்ளதா என்று நோக்குவர். எடையையும் பார்ப்பர், வயிறு பெருத்துக் கைகால் மெலிந்த பிள்ளையைக் கொழுத்த பிள்ளையென மயங்குவோர் உளர். அதன்பின் கையை வெதுவெதுப்பாக்கி வயிற்றைத் தொட்டு, தேங்கிய மலத்திரள் தட்டுப்படுகிறதா என அறிவர்.

ஆசனவாயில் விரலிட்டுச் சோதிப்பது இறுதியில். சிறுவிரலில் உறையணிந்து, வழவழப்பான களிம்பு தடவி, மெல்லச் செய்வர். இந்நோயில் மலக்குடல் இறுக்கமாக, பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். விரலை எடுத்ததும் காற்றும் நீர்மலமும் பீறிட்டு வருதல் உண்டு. வழக்கமான மலச்சிக்கலிலோ மலக்குடல் நிறைந்திருக்கும். அது பிறந்த நாளிலன்றிப் பிற்பாடே தொடங்கும். வளர்ந்த பிள்ளையாயின் தாய் அருகிருக்க, செய்வதை முன்கூட்டிச் சொல்லி, ஒருவரே ஒருமுறை சோதித்தல் முறை. நாணமும் அச்சமும் குழந்தைக்கும் உண்டல்லவா?

விரற்சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. பேரியம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே துணைசெய்யும். மலக்குடலின் சிறு திசுத்துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே உறுதிசெய்வர். நரம்பணுவற்ற பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இணைக்கும் அறுவையை ஆர்வர் சுவென்சன் 1948இல் வெளியிட்டார். இன்றைய முறைகள் அவ்வழியில் வளர்ந்தவை. தேவாரத்தார்க்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், அதற்கப்பால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன.

அறுவைக்கு முன்னரும் பின்னரும் அஞ்சத்தக்கது குடலழற்சி. காய்ச்சல், வயிற்று உப்புசம், துர்நாற்றத்துடன் பீறிடும் பேதி, சோர்வு ஆகியன தோன்றின், சாதாரண வயிற்றுப்போக்கு எனக் கைம்மருந்து கொடுத்துக் காத்திராமல், அன்றிரவே குழந்தையை மலையிறக்கி மருத்துவமனை சேர்த்தல் வேண்டும்.