வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முதலில் யாரை விடுவது?

(பருவமழைக்கு முன் நடந்த குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

மழைக்கு முன்னால் என்ன செய்யணும்னு இங்கே பலர் பேசிவிட்டார்கள். நான் தண்ணீர் வடிந்த மறுநாளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த மூன்றாம் நாள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. "சார், கிளீனிங், பெயின்டிங் எல்லாம் ஒரே பேக்கேஜ். நாலு நாள்ல வீடு புதுசாயிடும்"னாங்க. கட்டடத் துறையிலேயே காலம் தள்ளியவன் நான். ஆனாலும் அந்தச் சேற்றிலும் நாற்றத்திலும் தூக்கமில்லாமல் கிடக்கும்போது படிச்ச படிப்பு எங்கே ஞாபகம் வருது? முன்பணம் கொடுத்தேன். சொன்னபடி நாலே நாளில் பட்டி வைத்து பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். மாசி பிறப்பதற்குள் சுவரில் உப்பு பூத்து, பெயின்ட் அப்பளம்போல் பொரிந்து உதிர்ந்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. என் மனைவிக்கு ஆஸ்துமா உண்டு. அந்தக் கோடை முழுக்க இன்ஹேலரை அவர் கீழே வைக்கவில்லை. அவர்களுக்குப் போன் செய்தால் எண் உபயோகத்தில் இல்லை. கையில் இருந்த துண்டுச் சீட்டில் முகவரியும் இல்லை.

செங்கல் சுவர் பஞ்சு மாதிரி. தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலேயும் ஈரம் ஏறும். வெளியே காய்ந்ததுபோல் தெரியும்; உள்ளே காய வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பட்டி வைத்து மூடினால் ஈரத்தைப் பூட்டி வைத்த கதைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் தண்ணீர் புகுந்தது. இந்த முறை மூன்று பேரை வரவழைத்தேன். எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: "சுவர் காய்ஞ்சிடுச்சுன்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" ஒருவர் கையால் தடவிப் பார்த்து, "எங்க அனுபவம் சார்" என்றார். இன்னொருவர் ஃபேன் போட்டால் போதும் என்றார். மூன்றாமவர் பதில் சொல்வதற்கு முன், "தண்ணி ஏறாத மாடிச் சுவரை முதல்ல காட்டுங்க சார்" என்றார். மாய்ஸ்சர் மீட்டர் என்ற ஈரம் அளக்கும் கருவியை அங்கே வைத்து எண்ணைக் குறித்துக்கொண்டார். கீழ்ச்சுவர் அந்த எண்ணுக்கு இறங்கும்வரை பெயின்ட் பேச்சே கிடையாது என்றார். மூவரில் அதிகத் தொகை கேட்டவர் அவர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையை அவரிடம்தான் கொடுத்தேன்.

இந்த வேலைக்கென்று தனியாக ஒரு அரசு உரிமம் நம் ஊரில் இல்லை. "நாங்க சர்டிஃபைடு கம்பெனி" என்று அட்டையில் போட்டிருந்தால் யார் கொடுத்த சான்று என்று கேளுங்கள். ஆனால் இந்த வேலைக்குள் இருக்கும் வயரிங் வேலைக்கு உரிமம் உண்டு. அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் மின்கம்பியாளர் தகுதிச் சான்றை வாங்கிப் பாருங்கள். நனைந்த வயரிங்கை மெக்கர் வைத்துச் சோதிக்காமல் மெயின் சுவிட்சைப் போடச் சொல்பவரை வீட்டுக்குள் விடவேண்டாம்.

அடுத்தது தொட்டிகள். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேலைக்கு வைத்தவர் மீதும் வழக்கு வரும். தண்ணீர்த் தொட்டிதானே என்று சம்புக்குள்ளும் சட்டென்று இறங்கக் கூடாது, மூடிக் கிடந்த தொட்டிக்குள் காற்று இருக்காது. "பையன் ரெண்டு நிமிஷத்துல இறங்கி முடிச்சிடுவான்" என்று சொல்கிற கம்பெனியை அந்த வார்த்தையோடு அனுப்பிவிடலாம். அதே மாதிரி, ஒரே வாளியில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் கலப்பவர்களையும். அதிலிருந்து கிளம்புவது குளோரின் வாயு.

வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் அவசரப்பட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீர் நின்ற கோட்டின் பக்கத்தில் டேப்பைப் பிடித்து, தேதியோடு படம் எடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். சாக்கடை கலந்த மெத்தையை அவ்வளவு நாள் வைத்திருக்க முடியாது என்றால், படத்தை நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பின் அப்புறப்படுத்துங்கள். 2021 ஏப்ரல் முதல் விற்பனையில் இருக்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளச் சேதமும் அடங்கும். வங்கிக் கடனில் வீடு வாங்கியவர்கள் அப்போது போட்ட பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பில் விஷயத்தில் கூச்சமே வேண்டாம். ஜிஎஸ்டி எண் கொடுத்தால், அது 15 இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சின்ன அளவில் தொழில் செய்பவரிடம் ஜிஎஸ்டி இல்லாமல் இருக்கலாம், அது தப்பில்லை. ஆனால் பெயர், முகவரி, என்னென்ன வேலை, எவ்வளவு தொகை என்று எழுதிய தாள் வேண்டும். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. ரசீது தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஏமாந்துவிட்டால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2015-ல் என்னிடம் சரியான ரசீது இல்லை. அதனால் நான் போகவில்லை.

கம்பெனி வைக்க வசதியில்லை, தெரிந்த கொத்தனாரை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒரு முழம் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் கொத்தனாரை அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.

நேரமாயிடுச்சு. கேள்வி இருந்தா கேளுங்க.