அடுக்களையிற் பிறக்கும் சொற்கள்

பள்ளியிலிருந்து திரும்பிய பிள்ளை அடுக்களை வாயிலில் வந்து நின்றால், "இங்கே உனக்கென்ன வேலை? போய்ப் படி" என்று தாய்மார் அனுப்பிவிடுதல் பல இல்லங்களிற் காணும் வழக்கமாகும். பிள்ளையின் கல்வியில் உள்ள அக்கறையே அவ்வாறு சொல்ல வைக்கிறது. எனினும், அவ்வாயிலிலிருந்து விலக்கப்படுவது பிள்ளை மட்டுமன்று. அது கற்றிருக்கக்கூடிய சொற்களுமாம்.

அரிசியைச் சுளகில் இட்டுப் புடைப்பர், நீரிற் களைவர், கல் போக அரிப்பர். 'சுத்தம் செய்தல்' என்று மூன்றையும் ஒரு சொல்லில் அடக்கிவிடலாம். ஆனால் அவற்றின் வேறுபாடு மறைந்துபோகும். கல் நீக்கிய அரிசி பொதியில் வரும் இக்காலத்தில் இச்சொற்கள் வீட்டில் ஒலிப்பது அருகிவிட்டது. ஆயினும் கீரை இன்னும் ஆயப்படுகின்றது. நல்ல இலை வேறு, பழுது வேறு எனப் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு, 'ஆய்வு', 'ஆராய்ச்சி' என்னும் சொற்கள் பின்னாளில் அந்நியமாகத் தோன்றா.

இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி அம்மையார் 1907ஆம் ஆண்டில் உரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் வீட்டுவேலைகளும் பயிற்சிகளாக இடம்பெற்றன. பெயர்களைக் கற்பிக்க அவர் கைக்கொண்ட முறை மூன்று படிகளை உடையது. "இது அகப்பை, இது சிரட்டை" என்று பெயர் சொல்லுதல் முதற்படி. "அகப்பையை எடுத்துத் தா" என்று கேட்டல் இரண்டாவது. "இது என்ன?" என்று வினாவுதல் மூன்றாவது. எந்த அடுக்களையிலும், செலவின்றி, இம்முறையைக் கையாளலாம்.

ஆனால் ஏவல் வேறு, உரையாடல் வேறு. "அதை எடு, இங்கே வை" என்பதனாற் கைக்கு வேலை கிடைக்கும்; மொழி வளராது. "மேல்தட்டில், உப்புச் சாடிக்குப் பின்னால் இருக்கும் மிளகுப் பேணியைக் கொண்டு வா" என்றால், பெயரும் இடமும் சொற்றொடரின் அமைப்பும் ஒருங்கே செவியிற் பதியும். வேலை முடிந்தபின், சம்பல் செய்த விதத்தைப் பாட்டிக்குச் சொல்லுமாறு பிள்ளையைக் கேட்டல் வேண்டும். 'முதலில்', 'அதன்பின்', 'ஆகையால்' என்று நிரல்படச் சொல்லப் பழகிய நாவே நாளை கட்டுரை எழுதும் கைக்குத் துணையாகும்.

அடுக்களை பெண்பிள்ளைக்கே உரியது என்று கருதும் இல்லங்களும் உள. அங்கே ஆண்பிள்ளை இழப்பது வேலைப்பழக்கத்தை மட்டுமன்று, மொழியின் ஒரு பங்கையுமே. நாளை மாலை பிள்ளை வாயிலில் வந்து நிற்கும்போது, ஒரு பிடி முருங்கையிலையை அதன் கையிற் கொடுத்து, பேச்சையும் தொடங்குதல் நன்று.