திருத்தொண்டில் மடியின்மை



குடமுழுக்கு நாள் என்பது திருக்கோயிற் பணி முடிந்த நாள் அன்று. பணி தொடங்கும் நாளேயாகும். 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கலசநீர் ஆட்டுதல் மரபு. அந்நாளில் ஊர் முழுதும் திரள்கின்றது. செல்வர் பொருளை வாரி வழங்குகின்றனர். அடுத்து வரும் மண்டல வழிபாடும் 48 நாளில் நிறைவெய்துகின்றது. அதன் பின்னர் வரும் நாட்களே கோயிலுக்குச் சோதனை நாட்கள். பறவை எச்சத்தில் வந்த அரசம் வித்து ஒன்று விமானத்தின் இடுக்கில் முளைக்கின்றது. இரண்டு இலை விட்ட அன்று அதனை விரலாற் கிள்ளி எறிந்துவிடலாம். ‘நாளை பார்த்துக்கொள்வோம்’ என்று விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் அதன் வேர் கட்டடத்தையே பிளந்துவிடுகின்றது. கோயிலைப் பாழாக்கப் பகைவர் படை வேண்டுவதில்லை; அடியவர் சோம்பலே போதும்.

சோம்பலை ‘மடி’ என்றனர் முன்னோர். திருவள்ளுவர் அதனைக் கடிதற்கென்றே மடியின்மை என 61ஆம் அதிகாரத்தை வகுத்தார். உயிரின் இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்று ஆற்றல்களையும் மறைத்து நிற்பது ஆணவ மலம் என்பது சித்தாந்தத் துணிபு. அம்மறைப்பு அன்றாட வாழ்வில் தலைகாட்டும் வடிவமே சோம்பல் எனக் கொள்வது பொருந்தும். ஆகலின், அதனை வெல்லுதல் உலகியல் ஒழுக்கம் மட்டும் அன்று. உயிர்ப்பிணிக்கு மருந்துண்ணத் தொடங்குதலும் ஆம். திருவலகிடுதல், மெழுகுதல், மலர் கொய்தல், விளக்கிடுதல் முதலாய சரியைத் தொண்டுகள் நால்வகை நெறிகளுள் முதற்கண் வைக்கப்பட்டதும் இதுபற்றியே.

ஆயினும், சோம்பல் வாதத்தில் வல்லது. ‘இறைவன் உள்ளத்தையன்றோ நோக்குகின்றான்? திருநின்றவூர்ப் பூசலார் மனத்தாலேயே கோயில் எடுத்தாரே. உடல் வருந்துவது எதற்கு?’ என்று அது வினவும். சேக்கிழார் பெருமான் அவ்வரலாற்றை விரித்துரைத்த முறையை ஊன்றி நோக்குவார்க்கு இவ்வாதம் நில்லாது என்பது புலனாகும்.

பூசலார் முதலில் மனக்கோயிலை நினைந்தவர் அல்லர். கல்லாலும் மரத்தாலும் கோயில் எடுக்கவே விரும்பிப் பொருள் தேடி அலைந்தார். எங்கும் பெறாது வருந்திய பின்னரே மனத்தாற் செய்யத் துணிந்தார். துணிந்தவர் கண்ணை மூடி ஒரு நொடியில் முடித்துவிட்டாரா? இல்லை. மனத்திலேயே பொருள் ஈட்டினார். கருவிகளும் தச்சரும் கூட்டினார். நல்ல நாள் பார்த்தார். ஆகம முறைப்படி அடிநிலை இட்டார். இரவிலும் உறங்காது எடுத்தார். உபானம் முதற் சிகரம் ஈறாக ஒவ்வோர் உறுப்பையும் அளவு பிறழாமல் அமைத்தார். தூபி நட்டு, சுதை தீற்றி, கிணறும் குளமும் தொட்டு, மதிலும் வகுத்தார். இவ்வாறு நெடுநாள் உழைத்த பின்னரே நிறுவுதற்குரிய நாளைக் குறித்தார். கச்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குறித்த நாளும் அதுவாயிற்று. மன்னனைக் கனவில் வேறு நாள் கொள்ளப் பணித்து, இறைவன் பூசலார் ஆலயத்திற்கு எழுந்தருளினான். பெருமான் உவந்தது செலவின்மையை அன்று, சோர்வின்மையை. பூசலார் பெயரைச் சொல்லிச் சோம்பியிருப்பார், ஓர் இரவேனும் அவ்வாறு விழித்திருந்தது உண்டா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக.

‘உடல் இடந்தரவில்லை’ என்பது சோம்பலின் அடுத்த வாதம். முதுமையும் பிணியும் உடையார் ஓய்வு கொள்ளுதல் குற்றம் அன்று. ஆனால் திருவாரூர்த் தண்டியடிகள் பிறவியிலேயே கண்ணிழந்தவர். திருக்குளத்தை அகழக் கருதிய அவர், குளத்தினுள்ளும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை வெட்டினார். தடவி மீண்டு வந்து கரையிற் கொட்டினார். இல்லாத கண்ணை எண்ணி அவர் இருந்துவிடவில்லை. இருந்த கைகளுக்கு ஒரு வழி கண்டார்.

‘எனக்கு என்ன தெரியும்?’ என்பது மூன்றாவது வாதம். இதற்கு விடை சீகாழிக் கணநாத நாயனார் வரலாற்றில் உள்ளது. தம்மை நாடி வந்தவருக்கு அவரவர் விருப்பும் திறமும் நோக்கித் தொண்டு கற்பித்தவர் அப்பெருந்தகை. அவரிடம் நந்தவனம் காப்போர், மலர் கொய்வோர், மாலை தொடுப்போர், திருமஞ்சன நீர் கொணர்வோர், அலகிட்டு மெழுகுவோர், விளக்கு ஏற்றுவோர், திருமுறை எழுதுவோர், வாசிப்போர் எனப் பலர் இருந்தனர். எழுத்தறிந்தார்க்கு ஏடு, அறியாதார்க்கு விளக்குமாறு. அவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. கணக்கெழுதத் தெரிந்தவர், மின்விளக்குச் செப்பனிடுவோர், கொத்தர், சமையல் வல்லார், ஆசிரியர் ஆகிய எல்லார்க்கும் திருக்கோயிலில் இடம் உண்டு. திறம் இல்லாதவர் எவரும் இலர்; தம் திறத்தைக் கோயில் வாயில் வரை கொண்டுவராதவரே பலர்.

இனி, தொண்டுக்குக் கூலி எதிர்பார்த்தலும் சோர்வுக்கு வித்தாகும். பயன் வரக் காணாதபோது கை தளரும். திருப்புகலூரில் நாவுக்கரசர் உழவாரப் பணி செய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன. அவர் அவற்றைப் பரற்கற்களோடு ஒப்ப வாரிக் குளத்தில் எறிந்து, பணியைத் தொடர்ந்தார். அவருக்குப் பணியே பயனாயிற்று.

பொருள் தந்த அன்பர்கள் பெரும்பேறு பெற்றவர்கள். அவர்கள் தந்த பொருள் காக்கப்பட வேண்டுமாயின், பொருளோடு பொழுதும் வேண்டும். ஒரு நாளுக்கு 60 நாழிகை. அவற்றுள் 24 நிமிடமாகிய ஒரு நாழிகையை ஒருவர் நாள்தோறும் கோயிலுக்கு அளித்தால், அடுத்த குடமுழுக்கு வரும் 12 ஆண்டில் அது 73 முழு நாட்களாகத் திரளும். அத்தகைய அடியவர் நூற்றுவர் உள்ள ஊரில் விமானத்தில் அரசங்கன்று வேர்விடுமா? திருவிளக்கு எண்ணெயின்றி அவியுமா?

ஐந்தொழிலும் ஓயாது புரியும் கூத்தப்பெருமானின் அடியவர்க்கு ஓய்ந்திருத்தல் அழகன்று. கலசநீர் உலருமுன் ஒவ்வொருவரும் தமக்குரிய தொண்டு ஒன்றைத் தெரிந்துகொள்வாராக. அது சிறிதாயினும் ஆகுக, நாள் தவறாதிருப்பதாக.

திருச்சிற்றம்பலம்.