மெல்லக் கசியும் மருந்து

மருந்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. வேண்டிய இடத்தில், வேண்டிய காலம்வரை அதனைக் கசியச் செய்வது வேறொன்று. அமெரிக்கரான றொபேட் லாங்கர் பின்னதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

இரசாயனப் பொறியியல் கற்ற அவரை எண்ணெய்க் கம்பனிகள் அழைத்தன. அவரோ 1974 இல் பொஸ்ரன் நகரிலே, ஜூடா போக்மன் என்னும் சத்திரவைத்தியரின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். புற்றுக்கட்டியின் இரத்தக்குழாய்களைத் தடுக்கும் புரதத்தைச் சோதிக்க, அது மெல்லக் கசிய வேண்டியிருந்தது. அத்துணைப் பெரிய மூலக்கூறு பிளாஸ்ரிக்கினூடே கசியாதென்பது அன்றைய அறிஞர் துணிபு. லாங்கர் அதனுள் நுண்ணிய வளைவழிகள் அமையச் செய்தார். புரதம் 100 நாளுக்கு மேலும் கசிந்தது. 1976 இல் இதனை வெளியிட்டும் நம்பினோர் சிலரே. பணங்கேட்ட முதல் 9 விண்ணப்பங்களும் மறுக்கப்பட்டன!

மூளைப் புற்றுக்கட்டியை அகற்றிய குழியிலே வைப்பதற்கென அவரும் பிறரும் ஆக்கிய மருந்துவில்லைக்கு, 1996 இல் அமெரிக்க அரசு அனுமதியளித்தது. நோயை அது மாற்றுவதில்லை. ஆயுளிற் சில வாரங்களைக் கூட்டித் தருகிறது.